கூட்ட மட்டும் தெரிந்த பொத்தான்

அலுவலகத்தில் விடுப்பு கேட்கும் இணையப் பக்கத்தைப் புதிய மென்பொருள் ஃபிரேம்வொர்க்கில் வெள்ளிக்கிழமைக்குள் செய்து காட்டாவிட்டால், என்னைப் பழைய புராஜெக்டுக்கே அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். இரண்டு வாரத்தில் நான் கரைத்துக் குடித்தது முதல் பாடம் மட்டும்தான்: அழுத்தினால் எண்ணில் ஒன்று கூடும் ஒரு பொத்தான். அதன் மேல் ‘எத்தனை நாள் விடுப்பு?’ என்று எழுதிக் காட்டினேன்.

மேனேஜர் ஆசையாக அழுத்திக்கொண்டே போய்ப் பதினான்கில் நின்றார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ரெண்டு நாள் போதும்மா. எப்படிக் குறைக்கிறது?”

“அது ரெண்டாவது பாடம் சார்.”

“சரி?”

“இன்னும் படிக்கல சார்.”

அவர் என்னையும் பதினான்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப இந்தப் பதினாலு நாளையும் நீயே எடுத்துக்கோ தாயே. படிச்சு முடிச்சிட்டு வா.”

மூன்றாவது பாடம் பெரியது. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் இன்னும் நான்கு முறை அழுத்தினேன்.