இரண்டு பெட்டி, ஒரே சீட்டு

காலை ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது யெல்லி அந்தக் காரியத்தைச் செய்தாள். விடுதிக் கூடத்தில் அவள் பெட்டியும் அவளோடு பயணம் வந்த ரெய்ன்டரின் பெட்டியும் பக்கம்பக்கமாக நின்றன. தினமும் ஒன்பது மணிக்கு வேன்காரர் வந்து பெட்டிகளை அடுத்த ஊர் விடுதிக்கு எடுத்துப் போவார். சைக்கிள் பயணம் வந்தவர்கள் ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையோடு மிதித்துக்கொண்டு சாயங்காலம் போய்ச் சேர வேண்டியது. பெட்டியில் தொங்கும் மஞ்சள் சீட்டில் யார் பெயரோ அவர் அறைக்குப் பெட்டி போகும். யெல்லி தன் சீட்டைப் பிய்த்துச் சட்டைப்பைக்குள் திணித்தாள். இரண்டு பெட்டியையும் ஒன்றாகக் கட்டி, ரெய்ன்டரின் சீட்டில் அவன் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். அதற்கும் கீழே, ‘இரண்டு பெட்டி, ஒரே அறை’. அறுபத்து நாலு வயதில் இப்படி ஒரு திருட்டுத்தனமா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

வேன்காரர் சீட்டைப் படித்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் படித்தார். ஒரே அறை போதும் என்று அந்த விடுதிக்கு இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றவர் சீட்டியடித்துக்கொண்டே கிளம்பிவிட்டார். அவ்வளவுதான், இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

ரெய்ன்டர் அவளோடு நெதர்லாந்தின் குரோனிங்கனில் ஒரே பாடகர் குழுவில் பாடுகிறவன். அவன் மனைவி போய் ஆறு வருடம், இவள் கணவர் போய் நாலு வருடம். வசந்தத்தில் ஒருநாள் ஒத்திகை முடிந்து காபி குடிக்கையில், சைக்கிளில் ஒரு வாரம் போய்வரலாமா என்று கேட்டான். அவள் வாயைத் திறக்குமுன் தனித்தனி அறைதான், தனித்தனி அறைதான் என்று மூன்று தடவை சொல்லிவிட்டான். அது மரியாதையா, இல்லை நிஜமாகவே வேண்டாம் என்கிறானா? பயணம் கிளம்பி நாலு நாளாக இது ஒன்றுதான் அவள் தலைக்குள் ஓடியது. கேட்டு, அவன் முகம் சுருங்கிப்போனால் மிச்ச நாளெல்லாம் எப்படிக் கூட மிதிப்பது? செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது?

ரெய்ன்டருக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். நாற்பது வருடம் கால்வாய்களில் நீர்மட்டம் பார்த்தவன். ஒரு விரற்கடை ஏறினாலும் எழுதிவைத்த கை. பயணக் கம்பெனி கொடுத்த வழிக்குறிப்பை ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்கி நின்று சத்தமாகப் படித்தான். பாலம் தாண்டியதும் பெஞ்சு இருக்கும் என்று போட்டிருக்கிறான், பெஞ்சைக் காணோம். உடனே அவன் கையோடு வைத்திருந்த புகார் நோட்டில் ஏறியது. இவனிடம் போய் இப்படி ஒரு வேலை செய்துவிட்டோமே என்று யெல்லி பயந்தாள். ஆனால் வெயில் இதமாக இருந்தது, சரிவெங்கும் திராட்சை பறிக்கிறவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், சைக்கிள் தானாக ஓடியது. பயப்படுவதற்கு அது தோதான நாள் இல்லை.

மதியம் வழியோரக் கடையில் புது ஒயின் வாங்கினார்கள். இன்னும் நுரைத்துப் பொங்கிக்கொண்டிருக்கிற சரக்கு. பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள், மூடியை இறுக்காதீர்கள் என்று கடைக்காரம்மா இரண்டு தடவை சொன்னாள். ரெய்ன்டர் பவ்யமாகத் தலையாட்டினான். அடுத்த திருப்பத்தில் மூடியைத் தன் பலம் கொண்டமட்டும் திருகி முதுகுப்பையில் படுக்கப் போட்டான். தளர்ந்த மூடியோடு ஒரு பாட்டிலை எடுத்துப்போக அவன் மனம் ஒப்பவில்லை.

கல் பாவிய தெருவில் டப்பென்று வெடித்தது. டயர்தான் போய்விட்டது என்று அவன் இறங்கிக் குனிந்து டயரை அமுக்கிப் பார்க்க, பையிலிருந்து முதுகு வழியாகக் கால்சராய் வரைக்கும் வழிந்தது. வாசனை பிடித்துக் குளவிகள் வந்தன. வழிக்குறிப்பைச் சுருட்டி வீசிக்கொண்டு அவன் தெருவில் சுற்றிச் சுற்றி ஓடினான். யெல்லி ஆற்றங்கரைச் சுவரில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அந்தம்மா என்ன சொன்னாங்க ரெய்ன்டர்?”

“இந்த ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு எச்சரிக்கை சொல்றாங்க. மனுசன் எதைன்னு கேக்கிறது?”

முறைக்கப் பார்த்தவன், முடியாமல் அவனும் சிரித்துவிட்டான். இந்த மனிதனை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று யெல்லிக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவன் புகார் நோட்டைப் பிழிய ஆரம்பித்துவிட்டான்.

நாலு மணிக்கு விடுதி. விடுதிக்காரம்மா ஒரே ஒரு சாவியை மேசையில் வைத்து, இரண்டு பெட்டியும் ஏழாம் அறையில் இருக்கிறது என்றாள்.

ரெய்ன்டருக்கு ரத்தம் தலைக்கேறியது. இரண்டு அறைக்குப் பதிவு செய்திருக்கிறது, நாலு நாளாக ஒழுங்காக நடந்தது, அந்த வேன்காரனுக்குப் படிக்கத் தெரியாதா, இதைச் சும்மா விடக்கூடாது என்று போனை எடுத்துக் கம்பெனி எண்ணைத் தட்டினான். மணி போய்க்கொண்டிருந்தது. இனி ஒரு நிமிடம் தாமதித்தாலும் ஒரு பாவப்பட்ட ஆளின் வேலைக்கு உலை வைத்த மாதிரி.

“போன வை ரெய்ன்டர். அந்த மனுசன் தப்பு பண்ணல. நான்தான் சீட்ட மாத்துனேன்.”

விடுதிக்காரம்மாவுக்கு உள்ளே திடீரென்று ஏதோ வேலை வந்துவிட்டது. போனுக்குள் யாரோ ஹலோ ஹலோ என்றார்கள். ரெய்ன்டர் அதை அணைத்தான். காதுமடல் இரண்டும் சிவந்து, தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். போச்சு, எல்லாம் போச்சு என்று யெல்லி நினைத்தாள்.

“நான் குறட்டை விடுவேன், யெல்லி.”

“தெரியும். நாலு நாளா சுவர் வழியா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.”

அவன் மெல்ல நிமிர்ந்தான். “தனி ரூம்னு மூணு தடவை சொன்னேன். ஒரு தடவையாவது நீ எதுக்குன்னு கேப்பேன்னு பாத்தேன். நீ சரி சரின்னுட்ட.”

யெல்லிக்குக் கோபமும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வசந்தத்திலிருந்து செப்டம்பர் வரை! இரண்டு பேரும் இப்படியா முட்டாள்தனமாக இருப்பது?

“நீ எந்தப் பக்கம் படுப்ப?” என்று கேட்டான்.

“ஜன்னல் பக்கம். முப்பது வருசமா.”

“நானும் ஜன்னல் பக்கம்தான்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேசைமேல் கிடந்த சாவியைப் பார்த்தார்கள். யெல்லியின் கை முந்தியது. அவள் படிக்கட்டில் ஓட, கால்முட்டி வலி என்று காலையிலிருந்து புலம்பியவன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவிப் பின்னால் ஏறினான்.