பஸ்காவுக்கு வாங்கிய கிடங்கு

...மனசாரச் சொன்னால்தான் செல்லுமாம், இந்தக் கால்வலியோடு வரிசையில் நிற்பதே பெரும்பாடு, இதில் மனசு வேறு வேண்டுமாம் அவர்களுக்கு. அத்னான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கிடங்குச் சாவி இருந்தது. யூதக் குடியிருப்பின் வெளிவாசலில் சோதனை மெல்ல நகர்ந்தது, நாளைக்குப் பண்டிகை, வாரம் முழுக்க அடைப்பு, நம் பாலஸ்தீன ஆட்கள் யாரும் உள்ளே வர முடியாது. ரொட்டிக்கடை முதலாளி எல்யாகிம் காலையில் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதிலேயே நின்றது. பஸ்கா வாரத்தில் யூதன் கையில் புளித்த மாவோ ரொட்டியோ இருக்கக்கூடாது, மூட்டை மூட்டையாகக் கொட்டவும் முடியாது, அதனால் வேற்று மதத்தான் ஒருவனுக்கு விற்றுவிட்டுப் பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். வருஷா வருஷம் வாங்குகிற லாரி டிரைவர் இந்த முறை வரவில்லை. “மாவு மட்டுமில்ல அத்னான், அது கிடக்கற கிடங்கும், கீழ இருக்கற தரையும் உங்களுக்குத்தான். விளையாட்டுக்கு இல்ல, மனசார வாங்கறேன்னு சொல்லுங்க.”

எந்தத் தரை என்று தெரிந்துதான் சொன்னானா? தெரிந்திருக்காது... அங்கேதான் அப்பாவின் களம் இருந்தது, பாதுகாப்புக்கு என்று ராணுவம் வேலி போட்டது, பிறகு தகர வீடுகள், பிறகு சிவப்பு ஓட்டு வீடுகள், பிறகு ரொட்டி அடுப்பு, அந்த அடுப்புக்கு வேலையாள் இவர். எல்யாகிமைக் கேட்டால் எங்கள் முன்னோர் உங்களுக்கும் முந்தி இங்கே உழுதவர்கள் என்பான், வேதத்தில் இருக்கிறது என்பான், நம்பித்தான் சொல்வான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி! இவர் வீட்டுக்காரி படுத்துக் கிடந்தபோது மருந்து வாங்கிக் கொடுத்தனுப்பியவன். முடியாது என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் அனுமதி அட்டையை யார் புதுப்பித்துத் தருவார்கள்? அப்பா முடியாது என்று சொன்னவர். ஈடு தருகிறோம், நிலத்தை விற்றதாகக் கையெழுத்துப் போடு என்று எத்தனையோ பேர் வந்தார்கள், அவருக்கு ஒரே பதில்தான், “விக்கல.” கஞ்சி இறங்காமல் கிடந்த கடைசி நாட்களிலும், யாரும் கேட்காமலே, “விக்கல.”

“என்னண்ணே, கிடங்கே வாங்கிட்டீங்களாமே, எங்களுக்கெல்லாம் விருந்து கிடையாதா?” பின்னால் நின்ற கசான், கொத்தனார், வாய் சும்மா இருக்காது.

“நாளைக்கு வாடா, கிடங்குலயே பந்தி போட்டுடறேன்.”

“நாளைக்கு நம்மள வாசல்லயே விடமாட்டானே!”

“அதான் தைரியமாக் கூப்பிடறேன்.”

வரிசையே சிரித்தது, அவரும் சிரித்தார். காலையில் நுனிநாக்கால் சொல்லிவிட்டு வரத்தான் போனார். வாங்கறேன் என்றதும் உள்ளே என்னவோ தளர்ந்து கொடுத்தது, கண் தானாகக் கிடங்கின் மேல்மூலைக்குப் போனது, அங்கே ஒழுகும், மழை வந்தால் யார் பார்ப்பது, நான்தானே பார்க்கவேண்டும்... சீ, என்ன பிழைப்பு, அந்த ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்ததே, அதுதான் வெட்கம். “பையில என்ன?” என்றான் காவலுக்கு நின்ற பையன். சாவி. “யாரோடது?” “முதலாளியோடது” என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது, அவனும் கையசைத்து விட்டுவிட்டான். வண்டி நிற்கிற இடத்துக்கு நடந்தார். பண்டிகை முடிந்ததும் எல்யாகிம் மறுபடி கூப்பிடுவான், மறுபடி மனசாரச் சொல்லச் சொல்வான், அப்போது வாங்கறேன் என்றல்ல... அப்பாவின் வாயில் கடைசிவரை வராத அந்தச் சொல்லை. காலையில் அதை அவர் யோசிக்கவே இல்லை.