நாக்கடியில் ஐஸ்

"நாக்கைத் தூக்குங்கண்ணே."

"வாயைத் திறக்கச் சொன்னே, திறந்துட்டேன். இப்போ நாக்கு. அடுத்து பல்லை எண்ணுவியா?"

நர்ஸ் சிரிக்கவில்லை. தெர்மாமீட்டர் நுனியால் லேசாகத் தட்டினாள். டயாலிசிஸ் படுக்கையில் கிடந்தவரின் நாக்கடியிலிருந்து பாதி கரைந்த ஐஸ் துண்டு ஒன்று நழுவியது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தாராளமாகத் தண்ணீர் குடிக்க முடியாது. தாகத்துக்கு ஐஸ் சப்பலாம். ஆனால் நாக்கடியில் ஐஸ் இருந்தால் தெர்மாமீட்டர் சூட்டைக் குறைத்துக் காட்டும். கடந்த மூன்று தடவையும் இவருக்குக் காய்ச்சலே இல்லை என்று சார்ட் சொன்னது அதனால்தான்.

அக்குளில் வைத்துப் பார்த்தாள். நூற்றிரண்டு.

"போர்வைக்குள்ள ஏன் நடுங்குறீங்க?"

"உங்க ஏசியைக் கேளு."

டயாலிசிஸ் குழாய் மார்பில் நுழைந்து கழுத்து ரத்தநாளத்துக்கு ஏறும் இடத்துப் பிளாஸ்டரைப் பிரித்தாள். தோல் சிவந்து, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. சோப்பு வாசனை வந்தது.

"குளிச்சீங்களா?"

"நீதானேம்மா சொன்னே, போட்ட அன்னைக்கு. மருந்து பூசின புதுக் குழாய், நான்ஸ்டிக் சட்டி மாதிரி, கிருமி ஒட்டாதுன்னு. வருஷக்கணக்கா ஈரத்துணியால துடைச்சுக்கிட்டதுதான். ஒரு நாள் தலையோட ஊத்திப் பாத்தேன். அப்புறம் விட முடியல."

சொன்னது உண்மைதான். அன்று அவர் பயந்து வெளிறிக் கிடந்தார். அவரைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னாள். பூச்சு கிருமியைக் கொஞ்ச காலம் தள்ளித்தான் வைக்கும், ஈரம் படாமல் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்ல விட்டுப்போனது.

வலது கழுத்து ரத்தநாளம் ஏற்கெனவே அடைத்துவிட்டது. இடதில் இருக்கும் இந்தக் குழாயையும் சீழ் பிடித்ததென்று எடுத்துவிட்டால் மிச்சம் தொடைதான். தொடையில் போட்டுக்கொண்டவர்கள் யாரும் இந்த அறைக்கு அதிக நாள் வந்து அவள் பார்த்ததில்லை.

"டாக்டரைக் கூப்பிடணும்ண்ணே. கிருமி ரத்தத்துல ஏறி இதயத்துல போய் உட்கார்ந்துச்சுன்னா..."

"தெரியும். எதிர் பெட்டுக்காரர் அப்படித்தானே போனார். நான்தான் பாத்துட்டே கிடந்தேனே."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி, மடியில் அவருடைய செருப்புப் பையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் அங்கே ஒருமுறை பார்த்தார். பிறகு சார்ட்டின் மேல் கிடந்த பேனாவை எடுத்து நர்ஸின் கையில் வைத்தார். விரல்கள் கொதித்தன.

"குளிச்சதை எழுதாதே, நீ சொன்னதும் வெளியே வராது. இன்னைக்கு ஒரு நாள் தொண்ணூத்தெட்டுன்னு போடும்மா."