லாத்தாவின் விரல்கள்

"தேய்க்காதீங்க மாமி, தோலு உரிஞ்சிரும்!"

ருக்கையா நூர் பீவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மையித்துக் குளிப்பாட்டுவதில், இறந்த பெண்களைக் கழுவி அனுப்புவதில், நூர் பீவியை மிஞ்ச பினாங்கில் ஆளில்லை. ஆனால் இன்று ருக்கையாவின் அக்காள், லாத்தா என்று அவள் அழைக்கும் ஹபீபா பீவியின் விரல்களிடம் தோற்றுப்போயிருந்தாள். இலந்தை இலைத் தண்ணீருக்கும் மசியவில்லை, சவுக்காரத்துக்கும் மசியவில்லை அந்தக் கறுப்பு.

"பூச்சு இருந்தா அடியில தண்ணி போவாது புள்ள. குளிப்பாட்டுனதே செல்லாது. லுஹர் தொழுகைக்குத் தூக்கணும்லா, ஆம்பளைங்க வெளியே காத்துக்கிட்டு இருக்காங்க."

"பூச்சு இல்ல மாமி. வெள்ளி உப்பு பட்ட கறை."

"வெள்ளி கறுப்பாவா இருக்கும்?"

லாத்தா மட்டும் எழுந்து உட்கார்ந்தால் இதற்கு ஒரு மணி நேரம் பதில் சொல்வாள். சூலியா தெருவில் மச்சானின் போட்டோக் கடை நிமிர்ந்து நின்றதே அக்காளின் இந்தக் கைகளால்தான். போர் வந்து சீமைச் சாமான் நின்றபோது மற்றவர்கள் கடையைச் சாத்தினார்கள். லாத்தாவோ படம் கழுவிய தண்ணீரைக் கொட்டவிடாமல் அடுப்படிக்குத் தூக்கிவந்து கறியுப்பைப் போட்டாள். திரிந்த பால்போல் வெள்ளையாக அடியில் இறங்கியது. அது எந்தத் தண்ணீரிலும் கரையாது. அவளும் லேசில் விடுகிற ஆளில்லை. இறுத்து இறுத்துக் கழுவி, சோடாக் காரமும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்தாள். கறுப்புச் சேறாக வெள்ளி வந்தது. அதைத் திராவகத்தில் கரைத்து மறுபடி உப்பாக்கி மச்சான் கையில் கொடுத்தாள். ஊரிலுள்ள மாப்பிள்ளைகள் எல்லாம் அந்த உப்பில்தான் படமானார்கள். என்ன பொம்பளை!

"இருங்க மாமி, நான் எடுக்கிறேன்" என்று ருக்கையா இரண்டு புட்டிகளைக் கொண்டுவந்தாள். அவளுடைய கல்யாணத்துக்கு முதல் நாள், கூடமாட வேலை செய்து கறுத்திருந்த அவள் விரல்களை லாத்தா இப்படித்தான் வெளுத்துவிட்டாள். தன் கையை மட்டும், "திரும்பவும் கறுக்கத்தானே போவுது" என்று விட்டுவிட்டாள்.

இடது மோதிர விரலில் அயோடின் தடவினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பு மஞ்சளானது. அந்த மஞ்சளும் தண்ணீருக்கு அசையவில்லை. படம் கழுவுகிற ஹைப்போ கரைசலைச் சொட்டச் சொட்ட, கரைந்து போனது. விரல் வெளேரென்று வந்தது.

"அல்லாவே! மத்ததையும் எடு புள்ள."

ருக்கையா பஞ்சைக் கீழே வைத்தாள். யாரோ முன்பின் தெரியாத பெண்ணின் விரல் அது.

"வேணாம் மாமி. கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு விரலையும் தொட்டுப் பாருங்க. பூச்சா இருந்தா தட்டுப்படாதா?"

நூர் பீவி கண்ணை மூடி, வெள்ளை விரலையும் கறுப்பு விரலையும் மாறி மாறித் தடவினாள். வெகுநேரம் தடவினாள்.

"மருதாணி மாதிரித்தான். தோலோட தோலா இருக்கு. தண்ணி போவும். அப்படியே இருக்கட்டும்லா."

கற்பூரத் தண்ணீர் ஊற்றினார்கள். கபன் துணியை விரித்துக் கிடத்தினார்கள். நூர் பீவி இடது கையை நெஞ்சின்மேல் வைத்து, அதன்மேல் வலது கையை வைத்தாள்.

ருக்கையா குனிந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த ஒற்றை வெள்ளை விரலை, கறுத்த விரல்களுக்கு அடியில் மெல்லத் தள்ளிவிட்டாள்.