பதினாறு தாள்

அண்ணி சிரித்துக்கொண்டே தப்புச் செய்வாள். நோட்டுக்காரிக்குப் பொறுக்காதது அதுதான்.

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை கம்ப்யூட்டர் வகுப்பு. படத்தைத் தொட்டு வேலை வாங்குகிற சொகுசெல்லாம் அங்கே கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். ஓர் இடைவெளி தவறினாலும் மெஷின் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நோட்டுக்காரி ஒவ்வொரு கட்டளையையும் தேதி போட்டு, பக்க எண் போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதிவைத்திருந்தாள். அந்தப் பேரே அதனால் வந்ததுதான். பேரை வைத்தவர் கடைசி வரிசையில் உட்காரும் கண்டக்டர். பகலெல்லாம் பஸ்ஸில் பேசிப் பழகிய வாய், வகுப்பில் மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்?

ஒரு கட்டளையை அடித்துவிட்டு என்டரைத் தட்டுவதற்கு முன் அவள் இரண்டு தடவை நோட்டைப் புரட்டிப் பார்ப்பாள். அதற்குள் அண்ணி மூன்று முறை தப்பாக அடித்து, நாலாவது முறை சரியாக அடித்து, பக்கத்து ஆளுக்கும் சொல்லிக்கொடுத்து முடித்திருப்பாள். மறுபடியும் கவிழ்த்துவிட்டேன் சார் என்று அண்ணி கூவினால் மாஸ்டரே சிரிப்பார். நோட்டுக்காரி ஒரு தடவை தப்பாக அடித்தால் மூன்று நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

இத்தனைக்கும் வகுப்பைக் கண்டுபிடித்தவளே அவள்தான். ஜெராக்ஸ் கடையில் எட்டு மணி நேரம் நின்று, டோனர் வாடையோடு வீட்டுக்கு வந்து, யோசித்து யோசித்து ஒரு மாதம் கழித்துத்தான் சேர்வதாகச் சொன்னாள். வீட்டில் எல்லோரும் சரி என்றார்கள். அண்ணியும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, “நானும் வரட்டுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம்கூட அகப்படவில்லை.

மூன்றாம் மாதம் மாஸ்டர் ஒரு சங்கதி சொன்னார். காலையில் புதிதாக ஒரு வகுப்பு ஆரம்பிக்கப்போகிறார். சொல்லிக்கொடுக்க உதவிக்கு ஒரு ஆள் தேவை. வெளியே தேட மாட்டார், இந்தப் பதினான்கு பேரில் ஒருவரைத்தான் எடுப்பார். அன்றிலிருந்து நோட்டுக்காரிக்கு வேறு நினைப்பில்லை. கடையில் தாளை அடுக்கும்போதும், கரும்பலகை முன்னால் தான் நிற்பது போலவும் எல்லோரும் தன் வாயைப் பார்ப்பது போலவும் ஓர் எண்ணம் ஓடும். உடனே இன்னோர் எண்ணம் வந்து அதை அடக்கும்: உனக்கெல்லாம் யார் கொடுப்பார்கள்?

அந்த வாரமே அண்ணி ஒரு வேலை செய்தாள். படித்த கட்டளை அத்தனையையும், நூற்றெண்பதுக்கு மேல், அண்ணனின் லேப்டாப்பில் ஒரே பக்கத்தில் கட்டம் கட்டமாகப் போட்டு, நாலு நிறம் தீட்டி, சுவரில் மாட்டுகிற சார்ட்டாகச் செய்துவிட்டாள். மூன்றரை அடி அகலம், இரண்டரை அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். மாஸ்டர் தன் லேப்டாப் திரையில் அதை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, காலை வகுப்புச் சுவரில் முதல் நாளே இது இருக்க வேண்டும் என்றார். நோட்டுக்காரியின் நோட்டிலும் அதே நூற்றெண்பதும் இருந்தன, இன்னும் ஒழுங்காக. ஆனால் நோட்டு பைக்குள் இருந்தது. பைக்குள் இருப்பதை யார் பார்க்கிறார்கள்? வீட்டுக்குப் போனால் அம்மா வேறு, “பாரு, வந்து சேர்ந்த பொண்ணு எவ்வளவு சமர்த்து” என்று ஆரம்பித்தாள். வயிறு எரிந்தது. தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை.

அண்ணி பென் டிரைவை அவள் கையில் வைத்து, கடையில் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னாள். பேனர் கடைக்குப் போகலாமே என்று அண்ணன் சொன்னதற்கு, பிளாஸ்டிக் துணியில் ட்யூப்லைட் பளபளக்கும், ஒன்றும் தெரியாது, பேனாவால் திருத்தவும் முடியாது, காகிதம்தான் வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டாள்.

மறுநாள் கடையில் அதைத் திறந்து, எப்போதும் போலப் பிரிண்ட் கொடுத்தாள். மூன்றரை அடியும் ஒரே ஏ-ஃபோர் தாளுக்குள் சுருண்டு வந்து விழுந்தது. கட்டங்கள் இருந்தன, நிறம் இருந்தது. எழுத்து இருந்த இடத்தில் எறும்பு வரிசை இருந்தது. முதலாளி தாளை மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, இதைப் படிக்க வேண்டுமானால் எறும்பையே கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும் என்றார்.

என்ன செய்ய வேண்டுமென்று அவளுக்குத் தெரியும். தாளுக்குள் அடக்கு என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுக்க வேண்டும். அளவு நூறு சதவீதம். பல தாள்களாகப் பிரி என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒரு தாளின் ஓரம் அடுத்த தாளின் மேல் அரை அங்குலம் ஏறும்படி வைக்க வேண்டும். நாலு வரிசை, வரிசைக்கு நாலு, ஆகப் பதினாறு தாள். போன மாதம்தான் ஒரு தையல்காரருக்குச் சட்டைத் துணியை வெட்டுவதற்கான படத்தை முழு அளவில் இப்படிப் போட்டுக் கொடுத்தாள். நோட்டில் நாற்பத்தோராம் பக்கம், ஆறு படிகளாக எழுதியும் வைத்திருந்தாள்.

கை மவுஸ் மேல்தான் இருந்தது. டிக் எதிரேதான் இருந்தது. பதினாறு தாளும் ஒட்டிச் சுவரில் ஏறினால் காலை வகுப்பு யாருக்கு என்று இனிமேல் கேட்கவே வேண்டாம். அவள் கையை எடுத்துவிட்டாள். எறும்புத் தாளை ஒரு கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

“இவ்வளவுதான் அண்ணி வரும். எங்க மெஷின் சின்னது.”

அண்ணி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள், சிரித்தாள், சரி விடு என்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் வகுப்பில் அண்ணி மாஸ்டரிடம், பாதிக் கட்டளைகளை எடுத்துவிடலாமா, அப்போதாவது எழுத்துப் பெரிதாக வருமே என்று கேட்டாள். ஏன் எடுக்க வேண்டும் என்றார் அவர். பெரிதாக அச்சடிக்க முடியாதாம் என்றாள்.

“யார் சொன்னா?”

“என் நாத்தனார்தான் சார். ஜெராக்ஸ் கடையிலயே வேலை பார்க்குறா. அவளுக்குத் தெரியாததா?”

மாஸ்டர் திரும்பி நோட்டுக்காரியைப் பார்த்தார். கோபமில்லை, கொஞ்சம் ஆச்சரியம்தான். பல தாளாகப் பிரித்து அடிக்கலாமே, தெரியாதா என்று கேட்டார். பதினான்கு பேரின் நாற்காலியும் கிறீச்சிட்டது.

“நோட்டுல அந்தப் பக்கம் மட்டும் விட்டுப்போச்சு போல,” என்றார் கண்டக்டர். சிரிப்பு எழுந்தது.

அவள் குனிந்து நோட்டின் மேல் கையை வைத்தாள். நாற்பத்தோராம் பக்கம் மடியிலேயே இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். தெரியாதவள் என்ற பேர் மட்டும் மிஞ்சும். முதலாளி விடவில்லை என்று ஒரு சாக்கும் நாக்கு நுனி வரை வந்தது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவள் வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போதே அண்ணி முந்திக்கொண்டாள்.

“பாவம் சார் அவ. யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க.”

அந்தப் ‘பாவம்’ இல்லாமல் இருந்திருந்தால் அவள் பேசாமலே இருந்திருப்பாள். எழுந்து நின்றாள்.

“தெரியும் சார். போன மாசமே ஒருத்தருக்குப் போட்டுக் குடுத்திருக்கேன்.” நோட்டை விரித்துக் காட்டினாள். ஆறு படி, சிவப்பு அடிக்கோடு.

மாஸ்டர் பக்கத்தை முழுதும் படித்தார். “அப்புறம் ஏம்மா முடியாதுன்னு சொன்னே?”

“போட மனசு வரல சார்.”

மாஸ்டர் நோட்டை மூடி அவளிடம் கொடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். எட்டு மணிக்கு எல்லோரும் இறங்கிய பிறகு அவளை மட்டும் கூப்பிட்டார்.

“தெரியலன்னு நின்னிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேன். காலை வகுப்புக்கு உன் பேரைத்தான் நினைச்சுவச்சிருந்தேன். சார்ட் யார் வேணா போடலாம், நிதானம் உனக்குத்தான் இருக்கு. ஆனா தெரிஞ்சதைச் சொல்ல மனசு வராதவளை, கத்துக்க வர்றவங்க முன்னாடி எப்படிம்மா நிறுத்தறது?”

படியில் இறங்கும்போது அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தாளைப் போட்டுக் கொடுத்திருந்தாலும் வேலை அவளுக்குத்தான். பொய் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தாலும் அவளுக்குத்தான். எல்லாக் கதவும் திறந்திருக்கும்போது சுவரில் போய் முட்டியிருக்கிறாள்.

கீழே மருந்துக்கடை வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். விட்டுவிட்டுப் போகவில்லை. இரண்டு பேரும் நடந்தார்கள். சைக்கிள் கடையைத் தாண்டிய பிறகு அண்ணி கேட்டாள்.

“நான் உன்னை என்ன பண்ணேன்?”

ஒன்றும் பண்ணவில்லை. அதைச் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும் என்று தோன்றியது. நாளைக்குப் போட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொன்னாள். வீட்டில் அண்ணி யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அன்று சாப்பிடும்போது சிரிக்கவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து மாஸ்டர் காலை வகுப்பை அண்ணிக்குக் கொடுத்தார். விட்டுக்கொடுப்பாள், அவளுக்கே கொடுங்கள் சார் என்பாள் என்று நோட்டுக்காரி ஒரு கணம் எதிர்பார்த்தாள். அண்ணி அப்படியெல்லாம் எதுவும் செய்யவில்லை. சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, நோட்டுக்காரி பதினாறு தாளையும் தரையில் பரப்பினாள். எண் போட்டிருந்தாள். வெள்ளை ஓரத்தை ஸ்கேலை வைத்து வெட்டி, பசை தடவி, கோட்டின் மேல் கோடு விழும்படி ஒவ்வொன்றாக ஒட்டினாள். கோணலாக ஒட்டிவிடலாமே என்று ஒரு தடவை நினைத்தாள், கை கேட்கவில்லை. அண்ணி எதிரே குந்தி உட்கார்ந்து, கேட்டபோது கத்தரியை எடுத்துக் கொடுத்தாள்.

பதினோராம் தாளை அழுத்தித் தேய்க்கும்போது நோட்டுக்காரியின் விரல் நின்றது. நகலெடுக்கும் கட்டளை. எந்த ஃபைலிலிருந்து என்பது முதலில் வர வேண்டும், எந்த ஃபைலுக்கு என்பது பிறகு. சார்ட்டில் தலைகீழாக இருந்தது. இதை நம்பி அடிப்பவன் நல்ல ஃபைலின் மேல் வெற்று ஃபைலை ஏற்றிவிடுவான். திரையில் யார் கண்ணிலும் படவில்லை, மாஸ்டர் கண்ணில்கூட. முழு அளவில் தரையில் கிடக்கும்போதுதான் தெரிகிறது.

நெஞ்சுக்குள் சட்டென்று ஒரு தித்திப்பு. பல நாளாக அப்படி ஒரு சுகத்தை அவள் அறிந்ததில்லை. முதல் நாள் காலை, முதல் வரிசை, அண்ணி இதைக் காட்டிப் பாடம் எடுக்க, ஒருவன் அடிக்க, அவன் ஃபைல் காலியாக. பார்க்க அவள் அங்கே இருக்க மாட்டாள், ஆனால் நினைத்துக்கொள்ளலாம். பசை காய்வதற்குள் அதை முழுதாக நினைத்தும் பார்த்துவிட்டாள். அப்புறம் சொன்னாள்.

“அண்ணி, இது தப்பா இருக்கு.”

அண்ணி குனிந்து பார்த்தாள். உதட்டை அசைத்துப் படித்தாள். தன் தலையில் தானே லேசாகக் குட்டிக்கொண்டு, பேனாவை வாங்கி அடித்துத் திருத்தினாள். மூன்று நாளைக்குப் பிறகு வீட்டில் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அதே பழைய சிரிப்பு, தப்புச் செய்கிறபோது வருவது.

“நல்லவேளை. வேற ஏதாச்சும் இருக்கா, முதல்லேருந்து பாரேன்.”

நோட்டுக்காரி முட்டி போட்டுக்கொண்டு முதல் தாளுக்குப் போனாள். நோட்டைப் பக்கத்தில் விரித்துவைத்தாள். ஒவ்வொரு கட்டத்தையும் விரலை வைத்து, இன்னொன்று கிடைக்காதா என்ற ஆசையோடு படித்துக்கொண்டே வந்தாள். முதல் வரிசை சரியாக இருந்தது. இரண்டாவது வரிசையும் சரி. பன்னிரண்டாம் தாளில் ஒன்று தப்புப் போலத் தெரிந்தது. நோட்டைப் புரட்டினால் நோட்டில்தான் தப்பு. அதைச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டு, பதின்மூன்றாம் தாளின் மேல் குனிந்தாள்.