ஓரத்தில் எழுதிய பெயர்

மனோன்மணிக்கு அந்த வேலை கிடைத்தது இரண்டாயிரமாம் ஆண்டு மாசி மாதத்தில். அதற்கு முன் ஆறு வருடங்கள் முருங்கனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இருந்தாள். நியமனம் வரும் வரும் என்று இருந்து, வராமலே முப்பத்தைந்து வயதாகிவிட்டது. மன்னாரில் நிவாரண வேலை செய்த ஒரு நிறுவனம் எழுநூறு குடும்பங்களின் நிலைமையை அறியக் கணக்கெடுப்பு நடத்தப்போகிறது, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆட்கள் வேண்டும் என்றார்கள். போனாள். எடுத்துக்கொண்டார்கள்.

பயிற்சி கொடுக்கக் கொழும்பிலிருந்து சிவசுப்பிரமணியம் வந்திருந்தார். புள்ளிவிவரத் திணைக்களத்தில் முப்பது வருடம் இருந்து இளைப்பாறியவர். மெலிந்த மனிதர், சேட்டின் மேல் பட்டன் வரை பூட்டியிருப்பார். பள்ளிமுனைக் கோவில் மண்டபத்தில் மூன்று நாள் வகுப்பு.

"சாப்பாட்டுக்குக் கஷ்டமோ எண்டு கேட்டால் எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். பதிலை நீங்களே கேள்விக்குள்ள வைச்சுக் குடுக்கிறியள். நேற்று அடுப்பில என்ன வைச்சனீங்கள் எண்டு கேளுங்கோ. பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கோ."

இன்னொன்றையும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வினாக்கொத்தில் யாருடைய பெயரும் வரக்கூடாது. கிராமம், வீட்டு இலக்கம், அவ்வளவுதான். "இந்த ஊரில ஒரு தாள் எங்கை போய்ச் சேரும் எண்டு எங்களுக்குத் தெரியாது."

நாலாம் நாள், பரீட்சார்த்தமாகப் பள்ளிமுனையில் பத்து வீடுகளுக்கு அனுப்பினார். மனோன்மணி போன மூன்றாவது வீடு சிசிலியாவுடையது. வலையில் சிக்கியிருந்த பாசியை உதறிக்கொண்டே அவள் பதில் சொன்னாள். ஆறாம் கேள்வி, குடும்பத்தில் எத்தனை பேர். ஏழு என்றாள். எண்ணிப் பார்த்தால் ஆறு பேர்தான் வந்தது.

"மற்றது என்ர மனுசன். நாலு வருசத்துக்கு முன்னம் கடலுக்குப் போனவர்."

தாளில் மூன்று கட்டங்கள் இருந்தன. இங்கே வசிக்கிறார், வேறிடத்தில் வசிக்கிறார், இறந்துவிட்டார். மனோன்மணியின் பேனை மூன்றாவது கட்டத்தின் மேல் நிற்பதைச் சிசிலியா கண்டுவிட்டாள்.

"அதில போடாதேங்கோ, பிள்ளை. ஒண்டிலையும் போடாதேங்கோ."

அன்று பின்னேரம் மனோன்மணி மண்டபத்தில் எழுந்து இதைச் சொன்னாள். மற்ற ஆட்களும் தங்கள் வீடுகளில் இப்படிக் கண்டதைச் சொல்லத் தொடங்கினார்கள். சிவசுப்பிரமணியம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அச்சுக்குப் போகவிருந்த பிரதியில் தன் கையாலேயே நான்காவது கட்டம் ஒன்றைக் கீறினார். தகவல் இல்லை. அதன் கீழே ஒரு துணைக்கேள்வி: கடைசியாக எங்கே, எப்போது?

"நல்ல வேலை செய்தியள், மனோன்மணி" என்றார். பள்ளிக்கூடத்தில் ஆறு வருடத்தில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அவளுக்கு ஒதுக்கியது முருங்கனுக்கு அப்பால் ஒரு குடியேற்றம். எழுபத்தேழில் மலையகத்தில் அடிபட்டு இறங்கி வந்த தோட்டத்துச் சனம், காடு வெட்டிக் குடிசை போட்ட இடம். பாதிப்பேர் அடுத்தவன் வயலில் கூலிக்கு நின்றார்கள். அறுவடைக் காலமாதலால் பகலில் பெண்களும் வயலுக்குப் போய்விடுவார்கள். மனோன்மணி வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆட்களைப் பிடிக்க முடிந்தது.

பாலம்மாவின் வீட்டுக்கு அவள் போனது இரண்டாம் நாள். கணவன் பெரியசாமி முற்றத்தில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். பாலம்மா ஒவ்வொரு கேள்விக்கும் யோசித்து, சுருக்கமாகப் பதில் சொன்னாள். ஆறாம் கேள்வி வந்ததும் கணவனைப் பார்த்தாள். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"மூத்த பய தங்கராசு. பத்தொம்பது வயசு. ரெண்டு வருசத்துக்கு முந்தி வெறகு வெட்டுற வேலைன்னு விடத்தல்தீவுப் பக்கம் ரெண்டு பேரோட போனான். அவுங்க வந்துட்டாங்க. இவன் வரல."

மனோன்மணி நான்காவது கட்டத்தில் புள்ளடி போட்டாள். இடத்தையும் மாதத்தையும் எழுதினாள். பாலம்மா குனிந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு எழுதலியா, டீச்சர்?"

"பேர் எழுதிறதில்லை, அக்கா. வீட்டு நம்பர் மட்டுந்தான்."

"நம்பரப் பாத்தா அது எம்புள்ளன்னு யாருக்குத் தெரியும்? இதுவரைக்கும் ஒரு ஆளு வந்து அவனப் பத்திக் கேக்கல டீச்சர். கேட்டது நீங்கதான். சும்மா ஓரத்துல எழுதுங்க."

பயிற்சியில் கேட்டதெல்லாம் மனோன்மணிக்கு நினைவிருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல வாய் வரவில்லை. தாளின் ஓரத்தில், சின்ன எழுத்தில், தங்கராசு, 19 என்று எழுதினாள். எழுதப் படிக்கத் தெரியாத பாலம்மா அந்த எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் எழுதினாள். இந்த வீட்டுக்கு எழுதினீர்களாமே என்று தேடிவந்தும் கேட்டார்கள். ஐந்து நாளில் பதினொரு பெயர்.

ஆறாம் நாள் தாள்களை நிறுவனத்தின் கந்தோரில் ஒப்படைக்க மன்னார் பஸ் ஏறினாள். வழியில் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அது வழமை. அவளுடைய பையைத் திறந்த சிப்பாய் தாள்கட்டை எடுத்துப் பிரித்தான். நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டினாள். அவன் அதைப் பார்க்காமல் உள்ளே போய், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவனைக் கூட்டிவந்தான். அவன் நிதானமாக ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். சில இடங்களில் விரல் நின்றது.

"இது என்ன, விடத்தல்தீவு?"

"காணாமல் போன ஆக்கள். நிவாரணத்துக்குக் கேக்கிற கேள்வி."

"காணாமப் போனா, எங்க போனது எப்பிடித் தெரியும்?"

அவள் நிறுவனத்தின் கடிதத்தை மறுபடி நீட்டினாள். தாள்கட்டை நாளை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னான். பஸ் ஹோன் அடித்துக்கொண்டு நின்றது. அவள் ஏறினாள்.

மறுநாள் கட்டைத் திருப்பித் தந்தார்கள். வெளியே மர நிழலில் நின்று எண்ணினாள். பதினொரு தாள் குறைந்தது.

அடுத்த நாள் விடிய, குடியேற்றத்துக்கு இராணுவ ஜீப் வந்தது. பெயர் எழுதிய மற்றப் பத்து வீடுகளில் விசாரித்தார்கள், அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். பெரியசாமியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இயக்கத்தின் கையிலிருந்த அந்தப் பக்கத்தில் மகன் யாரோடு நிற்கிறான் என்று கேட்டார்களாம். தெரியாது என்று அவர் சொன்னது போதவில்லை.

மனோன்மணி மன்னாரில் ஒரு தொலைபேசிக் கடைக்குப் போய்க் கொழும்புக்கு எடுத்தாள். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள்.

"பேர் எழுதவேண்டாம் எண்டு சொன்னனானே" என்றார் சிவசுப்பிரமணியம். திட்டுகிற குரல் இல்லை. பிறகு, "அந்தக் கேள்வியைச் சேர்த்தது நான். நீங்கள் மட்டும் சுமக்க வேண்டாம். இனி அதைக் கேக்கவேண்டாம் எண்டு எல்லாருக்கும் அறிவிக்கிறன்" என்றார்.

கேள்வி எடுக்கப்பட்டது. வேலை நிற்கவில்லை. மனோன்மணி மிச்ச வீடுகளுக்குப் போனாள். அச்சடித்த தாளில் நான்காவது கட்டத்தின் மேல் கறுப்புக் கோடு கீறியிருந்தது. ஒரு வீட்டில், எல்லாம் முடிந்து அவள் தாளை மடித்தபோது, ஒரு பெண் எழும்பாமல் இருந்தாள்.

"வேறை ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லையம்மா. அவ்வளவுதான்."

அந்தப் பெண் மடித்த தாளைப் பார்த்தாள். பிறகு எழும்பி உள்ளே போனாள்.

இதற்கிடையில் பாலம்மா, கணவனைக் கொண்டுபோன இராணுவ முகாமின் வாசலுக்குப் போகத் துணை தேடினாள். படித்த ஆள் கூட வந்தால் பேசலாம் என்று மனோன்மணியைத்தான் கேட்டாள். நான்கு தடவை போனார்கள். ஒவ்வொரு முறையும் வெயிலில் நின்று, பெயரைச் சொல்லி, திரும்பி வந்தார்கள். நடக்கும்போது பாலம்மா அவளுடைய கையை இறுகப் பிடித்துக்கொள்வாள். "நீங்க இல்லாட்டி நா என்னா பண்ணுவேன் டீச்சர்" என்பாள். அந்தக் கையை விடுவிக்கவும் முடியாமல், பிடித்திருக்கவும் முடியாமல் மனோன்மணி நடந்தாள்.

இருபத்திமூன்றாம் நாள் பெரியசாமியை விட்டார்கள். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே மடங்கவில்லை. இனி அந்தக் கையால் கத்தி பிடிக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

ஒரு கிழமை கழித்து மனோன்மணி போனாள். இதைச் சொல்லாமல் இருந்தால் இனி எந்த வீட்டு வாசலிலும் கால் வைக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. பாலம்மா சுளகில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியசாமி உள்ளே படுத்திருந்தார். மனோன்மணி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அக்கா, அண்டைக்குத் தம்பியின்ர பேரை எழுதினனான் எல்லோ. அந்தத் தாளைத்தான் அவங்கள் எடுத்தவங்கள். அதாலதான் ஐயாவைப் பிடிச்சது. பேர் எழுதக்கூடாது எண்டு எனக்குச் சொல்லியிருந்தவை. தெரிஞ்சுதான் எழுதினனான்."

பாலம்மாவின் விரல்கள் அரிசியின் மேலேயே நின்றன.

"நாந்தானே எழுதச் சொன்னேன்."

"அக்கா, அப்பிடி இல்லை. பிழை என்னில."

"நாந்தான் சொன்னேன். ஓரத்துல எழுதுங்கன்னு." அவள் குரல் உயரவில்லை. "இத ஏன் எங்கிட்ட வந்து சொன்னீங்க டீச்சர்? ஒங்களுக்குச் சொல்லி எறக்கியாச்சு. நா இத எங்க கொண்டுபோயி எறக்குவேன்? அந்த மனுசன் மூஞ்சியப் பாத்து எப்பிடிச் சோறு போடுவேன்?"

இதை மனோன்மணி நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போகிறோம், ஏச்சு வாங்கப் போகிறோம் என்றுதான் வழியெல்லாம் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

பேச்சுச் சத்தம் கேட்டுப் பெரியசாமி மெல்ல எழுந்து வந்தார். இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க டீச்சர். ஒக்காருங்க." பிறகு, கேட்கத் தயங்கியவர் போல, "அந்தப் பேப்பரெல்லாம் கொழும்புக்குப் போயிருச்சா? நம்ம பய பேரு அதுல இருக்குல்ல?"

மனோன்மணி வாயைத் திறப்பதற்குள் பாலம்மா சொன்னாள்.

"போயிருச்சாம். அதச் சொல்லத்தான் டீச்சரு வந்தாங்க."

அவர் தலையை ஆட்டினார். முகத்தில் ஏதோ தளர்ந்தது. "அப்ப ஏதாச்சும் பதிலு வரும்" என்றார்.

பாலம்மா குனிந்து மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினாள். அவள் தேநீர் வைக்கவில்லை. மனோன்மணி புறப்பட்டபோது நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

பங்குனி முடிவில் கணக்கெடுப்பு முடிந்தது. சம்பளத்தைக் கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டு, அடுத்த கணக்கெடுப்புக்கும் வருவீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டு மனோன்மணி வீட்டுக்குப் போனாள். அந்தக் குடியேற்றத்தின் பக்கம் அவள் பிறகு போகவில்லை. பெரியசாமி கிழமைக்கு ஒரு நாள் முருங்கன் தபால் கந்தோருக்கு நடந்து வருகிறார், கொழும்பிலிருந்து தன் பெயருக்குக் கடிதம் ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார் என்று ஆவணி மாதத்தில் யாரோ அவளிடம் சொன்னார்கள்.