சரிபாதிக் களிம்பு

என் தம்பி சோமசேகரனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சந்திரலேகா, இளையவள் கல்யாணசுந்தரி. தாய் இல்லாத பிள்ளைகள். வரிச்சிக்குடியில் தம்பி வீட்டோடு இருந்து நான்தான் வளர்த்தேன். ஒரே ஒரு அதிரசம் இருந்தாலும் இரண்டாகப் பிட்டு, இரண்டு பேரையும் அளந்து பார்க்கச் சொல்லித்தான் கொடுப்பேன். அந்தப் பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்கிறேன், கேளுங்கள் கண்ணுகளா. நடுவில் என் மேல் கோபம் வரும். வரட்டும். முழுவதும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

பெரியவளுக்குப் பத்தொன்பது வயதில் கண்ணோரத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்தது. பிறகு கழுத்துக்கு இறங்கியது. நான்கு வருடம் கழித்துச் சின்னவளுக்குக் கன்னத்தில் தொடங்கித் தாடை வரைக்கும் வந்தது. ஊரில் அதைக் குஷ்டத்தோடு சேர்த்து ஒரு கெட்ட பெயரால் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் அதற்கு 'வெண்புள்ளி' என்று ஒரு நல்ல பெயர் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. யாருக்கும் ஒட்டாது, நிறம் மட்டும்தான் போகிறது என்றார்கள். ஆனால் ஊருக்கு யார் போய்ச் சொல்வது? சந்திரலேகா வீட்டை விட்டு வெளியே போகாமல் ரவிக்கை தைத்தாள். கல்யாணசுந்தரி காரைக்காலில் ஒரு செல்போன் கடையில் பில் போட்டாள். கொரோனா போய் எத்தனையோ நாளாகியும் அவள் மட்டும் மாஸ்க்கைக் கழற்றவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியில் வெண்புள்ளிக்குப் புதிதாக ஒரு களிம்பைச் சோதித்துப் பார்க்க ஆள் சேர்த்தார்கள். பெண்கள் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போனேன். அந்த ஆராய்ச்சியைக் கவனித்துக்கொள்கிற பெண்ணின் பெயர் ஜெமிமா. சிரித்த முகம். எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னாள்.

"பாதிப் பேருக்கு மருந்துக் களிம்பு வரும். பாதிப் பேருக்குச் சும்மாக் களிம்பு வரும். பாக்க ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்மா."

"சும்மாக் களிம்பு யாருக்கு வந்துச்சுன்னு சொல்லிடுவீங்களா?" என்றேன்.

"எங்களுக்கே தெரியாதும்மா. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. டப்பாவுல நம்பர் மட்டும்தான் இருக்கும். எல்லாரும் முடிச்சப்புறம்தான் பிரிச்சுப் பாப்பாங்க."

"லாட்டரிச் சீட்டுன்னு சொல்லுங்கக்கா" என்றாள் கல்யாணசுந்தரி.

"பரிசு விழலன்னா என்னைத் திட்டக் கூடாது" என்று ஜெமிமா சிரித்தாள். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள். "ஒரே வீட்ல ரெண்டு பேருன்னதும் டாக்டரம்மா யோசிச்சாங்க. அவங்கவங்க டப்பா அவங்கவங்களுக்குத்தான். மாத்தக் கூடாது, கலக்கக் கூடாது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்கங்க."

"நாங்க என்ன பச்சப்புள்ளைங்களாம்மா?" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

பன்னிரண்டு பக்கத் தாளை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். ஏழாம் பக்கத்துக்கு மேல் என் காது மூடிக்கொண்டது. பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். சந்திரலேகாவுக்கு எட்டாம் நம்பர் டப்பா, கல்யாணசுந்தரிக்கு ஒன்பது. மாதத்துக்கு ஒரு டப்பா, ஆறு மாதம். காலையும் மாலையும் தடவ வேண்டும்.

தடவிவிட்டது நான்தான். கொல்லையில் இளவெயிலில் இரண்டு பேரையும் ஸ்டூலில் உட்கார வைத்து, முதலில் பெரியவளுக்கு, பிறகு கையைக் கழுவிக்கொண்டு சின்னவளுக்கு. ஒரு நோட்டில் கல்யாணசுந்தரி தேதி போட்டு டிக் அடிப்பாள். மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரியில் இருட்டறையில் ஊதா விளக்கைப் போட்டுப் படம் எடுப்பார்கள். அந்த வெளிச்சத்தில் வெள்ளை இடமெல்லாம் சுண்ணாம்பு பூசியது போலப் பளிச்சென்று எரியும்.

மூன்றாம் மாதம் சின்னவளின் கன்னத்தில், வெள்ளைக்கு நடுவே, கடுகைச் சிதறவிட்டது போலப் பழுப்பாகப் புள்ளிகள் வந்தன. எண்ணினேன். பதினோரு புள்ளி. அவள் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"அத்தை, இங்க பாருங்க, இது என் கலருதானே? என் சொந்தக் கலருதானே?"

"ஒன் கலரு இல்லாம பக்கத்து வீட்டுக்காரி கலரா வரும்?" என்றேன். அழுகையும் சிரிப்புமாக என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சந்திரலேகா தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து தங்கையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்கும் வரும்டி, பெருசு லேட்டாத்தான் பூக்கும்" என்றாள். அவளுடைய கண்ணோரம் வெள்ளைக் காகிதம் போல அப்படியே இருந்தது.

அந்த வாரமே எங்கள் பங்காளி நீலமேகம் போலகத்திலிருந்து வந்தான். சின்னவளைப் பார்த்துவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னான்.

"சின்னவளுக்கு மூஞ்சி தெளியுதேக்கா. எங்க ஊருல ஒரு பையன் இருக்கான், கரண்ட் ஆபீசுல வேல. முழுசாத் தெளியட்டும், பேசி முடிச்சிடலாம். பெரியவள அப்பறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்புறம்' நான் முன்பே கேட்ட வார்த்தை. எனக்கும் ஒரு தங்கை இருந்தாள் கண்ணுகளா. நல்ல இடம் தானாக வந்தது என்று அவளுக்கு முதலில் முடித்தார்கள். அதன் பிறகு எங்கள் வாசலுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: 'மூத்தவ இருக்க இளையவளுக்கு ஏன் முடிச்சீங்க, மூத்தவளுக்கு என்ன குறை?' எனக்கு ஒரு குறையும் இல்லை. கேள்விதான் குறையாகிப் போனது. எனக்குப் பெரியநாயகி என்று பெயர் வைத்தவர்கள் யாருக்கும் நாயகியாக்கவில்லை என்று நானே கேலி பேசிக் காலத்தை ஓட்டிவிட்டேன். முகத்தில் வெள்ளையும் இருக்கிற சந்திரலேகா எப்படி ஓட்டுவாள்?

மறுநாள் மதியம் வீட்டில் யாருமில்லை. பெரியவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, எப்போதாவது போவது போல, பட்டன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். பிரிட்ஜில் இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அன்றைக்குத்தான் புது டப்பா. ஒன்பதில் இருப்பதை எட்டுக்கு மாற்றிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். சின்னவளிடமிருந்து பிடுங்க மனசு வரவில்லை. சோற்றுக் கிண்ணத்தில் இரண்டையும் வழித்துப் போட்டேன். ஸ்பூன் காம்பால் கலக்கினேன். இரண்டும் வெள்ளை, கலந்தது தெரியவே இல்லை. சரிபாதியாக இரண்டு டப்பாவிலும் நிரப்பி, விளிம்பைத் துணியால் துடைத்து மூடினேன். மருந்துதானே, பாதி பாதி போட்டால் கொஞ்சம் மெதுவாக இரண்டு பேருக்கும் ஆகும் என்று நினைத்தேன். அன்றைக்கு எவ்வளவு நிம்மதியாகக் கஞ்சி குடித்தேன் தெரியுமா!

அடுத்த இரண்டு மாதமும் டப்பா வந்த அன்றே கலந்தேன்.

கல்யாணசுந்தரியின் புள்ளிகள் பதினொன்றோடு நின்றன. பிறகு ஒன்பதாயின.

"அத்தை, காதுகிட்ட ஒண்ணு இருந்துச்சில்ல?"

"இருந்தா எங்கடி போயிடப் போவுது? வெளிச்சம் பத்தல" என்றேன்.

அவள் ஜன்னலோரம் போய் நின்று பார்த்தாள். வாசலுக்குப் போய் நின்று பார்த்தாள். ஆறு மாதம் முடிந்தபோது ஐந்து புள்ளி இருந்தது. சந்திரலேகாவுக்கு ஒன்றுமே வரவில்லை. போலகத்துப் பையனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. சின்னவள் நோட்டை மூடி அலமாரியில் போட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. மருந்தே சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெமிமா ஸ்கூட்டரில் வந்தாள். கையில் ஒரு பை.

"எல்லாருக்கும் முடிஞ்சிடுச்சும்மா. நம்பரப் பிரிச்சிட்டாங்க" என்றாள். "சந்திரலேகா, ஒங்களுக்கு வந்தது சும்மாக் களிம்பு. அதனால இனிமே நிஜ மருந்து, ஒரு வருஷத்துக்கு. மொத டப்பா கொண்டாந்திருக்கேன்."

"சும்மாக் களிம்பு வந்தவங்களுக்கு அப்பறமா நிஜ மருந்து குடுப்பீங்களா?" என்றேன்.

"ஒம்பதாம் பக்கத்துல படிச்சுக் காட்டினேனேம்மா."

கல்யாணசுந்தரி கேட்டாள்: "எனக்கு?"

ஜெமிமா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்கு நிஜ மருந்துதான் கல்யாணி வந்திருக்கு. மூணு மாசம் நல்லாக் கேட்டுச்சு, அப்பறம் நின்னுபோச்சு. அப்பிடி நின்னவங்களுக்கு மேல குடுக்கறதில்ல. டாக்டரம்மாவுக்கே புரியல. சில ஒடம்புல இந்த மருந்து பாதியில நின்னுடுதுன்னு எழுதப் போறாங்க."

"ஒரு வேளகூட நான் விடலயேக்கா" என்றாள் அவள். நோட்டை எடுத்துவந்து காட்டினாள். பக்கம் பக்கமாக டிக். "வேணும்னா பாருங்க. ஒரு வேளகூட விடல. அப்ப என் ஒடம்புலதான் என்னமோ கோளாறு. எனக்குன்னு வந்தா மருந்துகூட வேல செய்யாது."

பெரியவள் கையில் புது டப்பா இருந்தது. நான் பேசாமல் இருந்திருந்தால் அது அவளிடமே இருந்திருக்கும். நான் பயந்ததெல்லாம் அவளுக்காகத்தானே? அவளுக்குக் கிடைத்துவிட்டதே. ஆனால் எதிரில் நின்று ஒரு பெண் தன் உடம்பையே திட்டிக்கொள்கிறாள். அதில் ஒரு குற்றமும் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

"ஒன் ஒடம்பு இல்லடி. நான்தான்" என்றேன். நீலமேகம் சொன்ன 'அப்புறம்', கிண்ணம், ஸ்பூன், மூன்று மாதம், எல்லாவற்றையும் சொன்னேன்.

ஜெமிமா எழுந்து வாசலுக்குப் போய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். திரும்பி வந்தபோது அந்தச் சிரித்த முகம் இல்லை.

"ரெண்டு பேரு கணக்கையும் எடுத்துடணும்மா. சந்திரலேகா மேலயும் கொஞ்சம் மருந்து பட்டிருக்கு, அவங்களும் இனிமே இதுல இருக்க முடியாது." பெரியவளைப் பார்க்காமல் கையை நீட்டினாள். "மன்னிச்சுக்கங்க, அத நான் வாங்கிட்டுப் போகணும்."

சந்திரலேகா கொடுத்துவிட்டாள். ஜெமிமா கிளம்பும்போது என்னிடம், "இப்பவாவது சொன்னீங்களே. இல்லன்னா இந்த மருந்து நிலைக்காதுன்னு தப்பா எழுதியிருப்பாங்க, வேற ஊருல எத்தன பேரு நம்பியிருப்பாங்க" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

ஸ்கூட்டர் சத்தம் ஓயும்வரை சந்திரலேகா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் அத்தை, அவளுக்கு மொதல்ல முடிஞ்சா நான் நொந்து போயிடுவேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"எனக்கு நடந்துச்சேடி."

"அது ஒங்களுக்கு. எனக்கு மாப்பிள்ளையே வேணாம் அத்தை. கோட்டுச்சேரியில ஒரு கட எடுத்து, மெஷினப் போட்டு, நாலு பேரு பாக்க வாசல்ல உக்காந்து தைக்கணும். அதுக்குத்தான் நான் இந்தக் களிம்ப பூசுனேன். ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை கண்ணுகளா. எது பெரிய பாதி என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தவள், என்ன வேண்டும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

கல்யாணசுந்தரி என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம். இப்போது டாக்டரம்மா இரண்டு பேருக்கும் பழைய மருந்தையே எழுதிக் கொடுத்திருக்கிறார். வருடக்கணக்கில் போட வேண்டும், ஆனாலும் ஆகும், ஆகாமலும் போகும் என்றாராம். சின்னவள் தன் மருந்தை வீட்டில் வைப்பதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, "வர்றேன் அத்தை" என்கிறாள். குரலில் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. பஸ் வரும்வரை ரோட்டோரம் நிற்கிறாள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பையை மாரோடு அணைத்துக்கொண்டுதான் நிற்கிறாள்.